சால் வாட்ஸ்ஆப் குழுவில் குரல்பதிவுக்குத் தடை போடலாமா?

தாராவி செல்வம் · ஞாயிறு காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம். மும்பை தாராவியில 90 அடி ரோட்டுப் பக்கம் எங்க சால், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பு. 212 பேர் இருக்கிற தமிழ் வாட்ஸ்ஆப் குழுவுக்கு நான் அட்மின். அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுது. அதுல நான் வைக்கப்போற கோரிக்கை: அறிவிப்புன்னா எழுத்துல மட்டும்தான், குரல்பதிவு கூடாது. அதுக்கு முன்னாடி உங்க கருத்து தெரியணும்.

காரணம் இருக்கு. போன மாசம் தண்ணித் தொட்டி கழுவுற வேலை. செவ்வாயும் புதனும் தண்ணி வராது, திங்கள் ராத்திரியே பிடிச்சு வச்சுக்கணும். இதைச் சொல்ல கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் 4 நிமிஷம் 10 நொடிக்கு ஒரு குரல்பதிவு போட்டார். ஒன்றரை நிமிஷம் வணக்கமும், கோயில் கொடைக்கு வரி கொடுத்தவங்களுக்கு நன்றியும். அப்புறம் தொட்டியில பாசி பிடிச்ச கதை. தேதி வந்தது மூணாவது நிமிஷம் தாண்டி. முக்கால்வாசிப் பேர் அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. செவ்வாய் காலைல என் வாசல்ல 9 பேர் வெறுங்குடத்தோட நிக்காங்க. அதுல ஒரு வீட்ல 3 மாசக் கைக்குழந்தை. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

எழுதியிருந்தா "செவ்வாய், புதன் தண்ணீர் வராது". நாலே சொல்.

கோலிவாடா மகள் · காலை 9.25

நான் இதை எதிர்க்கிறேன்.

எங்க அம்மா நாங்குநேரிப் பக்கம், ரெண்டாங்கிளாஸ் வரைக்கும்தான் பள்ளிக்கூடம். கல்யாணமாகி இங்க வந்து 40 வருஷமாச்சு. இந்தி பேசுவாங்க, மராத்தி புரியும், எந்த எழுத்தும் படிக்க வராது. முதல்ல போன் வாங்கிக் கொடுத்தப்ப குழுவுல வர்ற சாமி படத்தைப் பாத்துட்டு மூடி வச்சிருவாங்க. அந்த மைக் படத்தை அமுக்கிப் பிடிச்சிட்டுப் பேசலாம்னு ஒரு நாள் காட்டிக் கொடுத்தேன். மொத தடவை அமுக்கிட்டு என் முகத்தையே பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "ரேசன்ல அரிசி வந்துட்டா யாராவது சொல்லுங்க தாயி"ன்னாங்க. 2 நிமிஷத்துல 3 பேர் பதில் பேசினாங்க. அன்னைக்கு ராத்திரி அந்த 3 பதிலையும் திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டுட்டு இருந்தாங்க.

வாட்ஸ்ஆப்ல இந்தக் குரல்பதிவு வசதி வந்தது 2013 ஆகஸ்டுல. அதுக்கு முன்னாடி ஊருக்குப் பேசணும்னா அவங்களுக்கு போன் கால் ஒண்ணுதான் வழி. அதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஓய்வா இருக்கணும். 4 வீட்ல வேலை செய்யிற பொம்பளைக்கு அது எங்க அமையும்? இவங்க பேசினதை அவங்க எப்ப முடியுமோ அப்ப கேக்கலாம்ங்கிற வசதி கடிதத்துக்குத்தான் இருந்துச்சு. படிக்கத் தெரியாதவங்களுக்கு மொத மொதல்ல கிடைச்ச கடிதம் இந்தக் குரல்பதிவு. அதைத் தடை பண்ணப் போறீங்களா?

பேக்கெட் பாண்டியன் · காலை 10.10

அக்கா சொல்றதை மதிக்கிறேன். ஆனா செல்வம் அண்ணாச்சி பக்கம்தான் நான். நெட்வொர்க் வேலை, நவி மும்பை ஐரோலியில.

முதல்ல எடையைப் பாருங்க. நொடிக்கு 16 கிலோபிட்னு சிக்கனமாச் சுருக்கினாலும் அந்த 4 நிமிஷம் 10 நொடிப் பேச்சு 500 கிலோபைட். "செவ்வாய், புதன் தண்ணீர் வராது" வெறும் 79 பைட். ஆனா இன்னைக்கு டேட்டா மலிவு, அதனால இது என் முக்கிய வாதம் இல்ல.

முக்கிய வாதம் இது. எழுத்துல கண்ணு எங்க வேணும்னாலும் குதிக்கும். தேதி, இடம், பேரு, எது வேணுமோ அதுல போய் நிக்கும். குரல்பதிவு பழைய கேசட் மாதிரி, வேண்டிய பாட்டு வர்ற வரைக்கும் சுத்திட்டே இருக்கணும். 2021ல ரெண்டு மடங்கு வேகம் கொடுத்தாங்க, அப்பவும் அது கேசட்தான். ஊடாடும் ஊடகம்னு சொல்றோமே, அதுக்கு உயிரே கேக்கிறவன் கையில கட்டுப்பாடு இருக்கிறதுதான். குரல்பதிவுல கட்டுப்பாடு முழுக்கப் பேசினவர் கையில.

இன்னொண்ணு, நானே பட்டது. என் சித்தப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டப்ப ஒருத்தர் நல்ல மனசோட ஒரு கொடையாளி நம்பரைக் குரல்லயே சொல்லி அனுப்பினார். "தொண்ணூத்தெட்டு, அப்புறம் ரெண்டு சைபர்..." ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு, மருந்துச் சீட்டுப் பின்னாடி எழுதி, 3 தடவை திரும்பக் கேட்டு, ஒரு எண் தப்பாகி வேற யாருக்கோ போச்சு. எழுத்தா இருந்தா அது நீலமா வரும், ஒரு தட்டு தட்டினா மணி அடிக்கும். 6 மாசம் கழிச்சு அந்த நம்பர் மறுபடி வேணும்னா "ரத்தம்"னு தேடினாலும் வரும். குரலுக்குள்ள எப்படித் தேட?

கிங்ஸ் சர்க்கிள் தாத்தா · காலை 11.30

எனக்கு 74 வயது. எழுத்துக்காக ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

1992 டிசம்பரில் இங்கிலாந்தில் முதல் எஸ்எம்எஸ் போனது. ஒரு செய்திக்கு 160 எழுத்து. அது ஆங்கிலக்காரர்களுக்கு. தமிழில் அனுப்பினால் 70தான். அதிலும் "கி" என்று ஒரு எழுத்தைத் தட்டினால் ககரத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று என்று 2 இடம் போய்விடும். அதனால்தான் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டப் பழகினார்கள். சோம்பேறித்தனம் என்று நானும் திட்டியிருக்கிறேன், பிறகுதான் காரணம் புரிந்தது.

கணினியில் பட்ட பாடு வேறு. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு. சென்னையிலிருந்து தம்பி அனுப்பும் மின்னஞ்சல் இங்கே திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும். 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகை வந்து, பிறகு எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு எல்லாக் கருவிக்கும் பரவி, இன்று எந்த போனிலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. எத்தனை பேர் சம்பளமில்லாமல் உழைத்துக் கிடைத்தது இது! கைக்கு வந்த பிறகு எழுத்தைக் கீழே வைத்துவிட்டு மைக்கை அமுக்குகிறோமே என்று வயிறு எரிகிறது.

மாநகராட்சி இந்த ஊரில் தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது.

மூணாம் தலைமுறை · பகல் 12.05

தாத்தா, கடைசி வரி என்னைத்தான் சொல்லுது. நான் இங்கிலீஷ் மீடியம். வீட்ல தமிழ்தான், ஆனா படிக்கத் தெரியாது. உங்க எல்லாரோட பதிவையும் போன் படிச்சுக் காட்டித்தான் கேட்டேன். இதையும் பேசித்தான் எழுதுறேன். கூகுள் கீபோர்டுல தமிழுக்கு இந்த வசதி 2017ல வந்துச்சு.

எங்க அப்பா லெதர் பட்டறையில வேலை. பையன் ஆபீஸ்ல உக்காரணும்னு கடன் வாங்கி இங்கிலீஷ் ஸ்கூல்ல சேர்த்தார். அது தப்புன்னு என்னால சொல்ல முடியாது. எழுத்து தெரிஞ்சவங்க மட்டும்தான் தமிழ்க் குழுவுல பேசலாம்னா, எங்க வயசுப் பசங்க இந்திக் குழுவுக்குப் போயிருவோம். ஏற்கெனவே பாதிப் பேர் போயாச்சு.

கிங்ஸ் சர்க்கிள் தாத்தா · பகல் 12.20

தம்பி, உங்கள் அப்பாவைக் குறை சொன்னது போல் ஆகிவிட்டது. அது என் தவறு, மன்னியுங்கள்.

கேட்டு வாசிப்பவன் · பகல் 1.45

செம்பூர்ல இருக்கேன். எனக்குக் கண் பார்வை கிடையாது. அதனால நான் குரல்பதிவு பக்கம்தான் இருப்பேன்னு எல்லாரும் நினைப்பாங்க. எனக்கு எழுத்துதான் வேணும்.

என் போன்ல திரைவாசிப்பான் ஓடுது. எழுத்தா வந்தா நான் வச்ச வேகத்துல, மத்தவங்க காதுக்குப் புரியாத வேகத்துல, அது படிக்கும். வேண்டாத வரியைத் தாண்டுவேன். பேர்ல சந்தேகம்னா ஒவ்வொரு எழுத்தா நிறுத்திக் கேட்பேன், அது ழகரமா ளகரமான்னு தெரிஞ்சிரும். குரல்பதிவுல எல்லாம் பேசினவர் வேகம், பின்னாடி அவர் வீட்டுக் குக்கர் விசில்.

ஆனா இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாருமே பேசல. படமாப் போடுற அறிவிப்பு. அழகா டிசைன் பண்ணி, பூ வச்சு, எழுத்தைப் படத்துக்குள்ள போட்டிருவாங்க. என் போன் அதுக்கு "படம்"னு மட்டும் சொல்லும். என்கூட 20 வருஷம் வேலை பார்த்தவர் இறந்த செய்தியை இப்படித்தான் போட்டாங்க. "படம்"னு கேட்டுட்டு, யாரோ காலை வணக்கம் போட்டிருக்காங்கன்னு தாண்டிட்டேன். மறுநாள் சாயங்காலம்தான் தெரிஞ்சது. எல்லாம் முடிஞ்சிருச்சு.

தாராவி செல்வம் · பகல் 2.30

ஐயா, எங்க குழுவுலயும் அப்படித்தான் போடுறோம். இப்படி ஒரு பக்கம் இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல.

குரல்பதிவுல எனக்கு இன்னொரு பயமும் இருக்கு. 2018 ஜூலை 1ல நம்ம மகாராஷ்டிராவுல, துளே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்துல, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு வதந்தி நம்பி 5 பேரை அடிச்சே கொன்னாங்க. வாட்ஸ்ஆப்ல பரவின வதந்தி. அந்த மாசமே இந்தியாவுல ஒரு செய்தியை 5 சாட்டுக்கு மேல ஒரே நேரத்துல ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி ஆக்கினாங்க. அழுதுட்டே ஒரு குரல் வந்தா யாரும் யோசிக்க மாட்டாங்க, பதறிருவாங்க. எழுத்துன்னா கொஞ்சமாவது நிதானம் வரும்.

கோலிவாடா மகள் · பகல் 3.15

துளேயில செத்தவங்க குடும்பத்தை நினைச்சா எனக்கும் ஆறாது. ஆனா வதந்தி எழுத்துலயும் வந்துச்சு, வீடியோவுலயும் வந்துச்சு. யார் பேசினதுன்னே தெரியாம கை மாறி கை மாறி வர்றதுலதான் ஆபத்து. நம்ம சால்ல பக்கத்து வீட்டு அக்கா பேசினா அது அந்த அக்கா குரல்னு எங்க அம்மாவுக்கு ஒரு சொல்லுல தெரியும். எழுத்துல அந்த அடையாளம் உண்டா?

செல்வம் அண்ணா, ஒண்ணு சொல்லாம இருக்கக்கூடாதுன்னு தோணுது. எங்க அம்மா உங்க சால்தான். 14ஆம் நம்பர் கோலி, அதாவது அந்த அறை வீடு. அந்த 4 நிமிஷம் 10 நொடியையும் முழுசா கேட்டவங்க அவங்க. பெரியவர் மரியாதையா வணக்கம் சொல்றாரு, பாதியில எப்படி நிறுத்தன்னு கேட்டாங்களாம். திங்கள் ராத்திரியே 6 குடம் பிடிச்சு வச்சாங்க. செவ்வாய் காலைல அந்தக் கைக்குழந்தை வீட்டுக்கு 2 குடம் யார் கொடுத்தாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க.

படிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கேக்கப் பொறுமை இல்லாததுக்கு, படிக்கத் தெரியாதவங்க வாயை ஏன் அடைக்கணும்?

பேக்கெட் பாண்டியன் · பகல் 3.40

அக்கா, அம்மாவுக்கு என் வணக்கம். ஆனா 212 பேர்ல எல்லாரும் அவங்களை மாதிரி உக்காந்து கேக்க மாட்டாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு லோக்கல் டிரெயின்ல தொங்கிட்டு வர்றவன் எப்படிக் கேப்பான்? அறிவிப்பு அவனுக்கும் போய்ச் சேரணும். பேசறவருக்கு மிச்சமாகிற 2 நிமிஷத்தை 212 பேர் தலையில ஏத்துறோம். அம்மாவுக்கு எழுத்தைப் படிச்சுக் காட்டுற வசதியைப் போட்டுக் கொடுத்தா என்ன? தம்பி அப்படித்தானே கேக்கிறார்.

கோலிவாடா மகள் · பகல் 4.05

போட்டுக் கொடுத்தேன் தம்பி. செட்டிங்குக்குள்ள போய் அதைத் திறந்து வைக்கணும், ஓரத்துல ஒரு சின்னப் படம் வரும், அதைத் தொட்டு, அப்புறம் செய்தியைத் தொடணும். மூணு நாள் சொல்லிக் கொடுத்தேன். நாலாவது நாள் அந்தச் சின்னப் படம் காணாமப் போச்சு. எங்க போச்சுன்னு எனக்கு போன் பண்ணி, ராத்திரி 9 மணிக்கு நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் போனைத் தொடாம வச்சிருந்தாங்க. மைக்கை அமுக்குறது அவங்களுக்கு ஒரே விரல் வேலை.

தாராவி செல்வம் · மாலை 6.50

இப்பத்தான் 14ஆம் நம்பருக்குப் போய்ட்டு வந்தேன். ஆச்சி டீ போட்டுக் கொடுத்தாங்க. 2 குடம் கொடுத்தது உண்மைதான், அந்தப் பிள்ளையோட அம்மாவே சொன்னாங்க.

கோரிக்கையை மாத்திக்கிறேன். அறிவிப்பு ரெண்டு விதமாவும் வரும். முதல்ல எழுத்துல தேதி, நேரம், இடம், போன் நம்பர். அதுக்குக் கீழயே அதே விஷயம் 20 நொடிக்குள்ள குரல்ல. வணக்கம், நன்றி எல்லாம் தனிப் பதிவா போடலாம், பெரியவர்கிட்ட நானே பேசுறேன். எழுதித் தட்டுற வேலை என்னோடது. கேள்வி கேக்கிறவங்க எப்படி வேணா கேக்கலாம். படத்துக்குள்ள எழுத்து வச்சுப் போட்டா, அதே வரிகளைக் கீழ தட்டியும் போடணும்.

பேக்கெட் பாண்டியன் · மாலை 7.10

கேள்விகள் குரல்ல வந்தா அடுத்த மாசம் அதே கேள்வியை 10 பேர் மறுபடி கேப்பாங்க, தேடிப் பிடிக்க வழி இருக்காது. அந்த ஒண்ணுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. மத்தது சரி.

கேட்டு வாசிப்பவன் · மாலை 7.25

இறப்புச் செய்திக்கு அந்த விதியை இன்னைக்கே கொண்டு வாங்க தம்பி. கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தாராவி செல்வம் · மாலை 7.32

இப்பவே குழுவுல எழுதிட்டேன் ஐயா. கீழ 15 நொடியில பேசியும் போட்டிருக்கேன். ஆச்சி கேட்டுட்டு "சரி மக்கா"ன்னு பதில் அனுப்பியிருக்காங்க.