பல்கலைக்கழக அனுமதியைக் கொழும்புதான் தீர்மானிக்க வேண்டுமா?

வெள்ளவத்தை அம்மா:
மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் வீட்டில்தான். அனுமதிக் கைநூலைப் பார்த்துப் பார்த்து யூனிகோட்களை, அதாவது ஒவ்வொரு பல்கலைக்கழகக் கற்கைநெறிக்கும் உரிய குறியீடுகளை, வரிசையாக எழுதிய தாள் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பெறுபேறு ஓரிடம், வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) இன்னோரிடம், பதிவு வேறோரிடம். இதற்குள் பிள்ளைக்கு 21 முடிந்துவிட்டது. யாருக்கு எந்த இடம் என்று கொழும்பில் இருக்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தீர்மானிப்பதை விட, அந்தந்தப் பல்கலைக்கழகமே ஆள் எடுத்தால் என்ன?

மட்டக்களப்பான்:
அக்கா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் அது மட்டும் வேண்டாம். கலைப்பிரிவை விட்டால் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டப் பங்குக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முழு நாட்டையும் ஒன்றாகப் பார்க்கிற இடம்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். எங்கள் பள்ளியில் இரண்டு தவணை பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லை. மாவட்டக் கோட்டா இல்லாவிட்டால் நான் கம்பஸ் வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனை வாத்தியார்:
தம்பி, கொழும்பை அவ்வளவு நம்பாதீர்கள். 70களின் தொடக்கத்தில் தமிழில் எழுதிய பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட மொழிவாரித் தரப்படுத்தல் வந்ததும் இங்கிருந்துதான். 1972இல் எல்லாவற்றையும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாகக் கட்டி, பேராதனையைக்கூட வெறும் வளாகம் ஆக்கினார்கள். ஆறே வருடம். 1978இல் 16ஆம் இலக்கச் சட்டம் அதைப் பிரித்தது. மானியங்கள் ஆணைக்குழு வந்ததும் அதில்தான். சரி, இப்போதாவது எல்லாம் ஒரு குடையின் கீழா? கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது, தன் மாணவர்களைத் தானே எடுக்கிறது.

மட்டக்களப்பான்:
ஐயா, தரப்படுத்தலில் அடிபட்டவர் என் பெரியப்பா. அதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பிள்ளைகளை வாட்டுவது கணக்கு இல்லை, தகவல் போய்ச் சேராததுதான். இடம் கிடைத்த ஒரு பிள்ளை வெளிநாடு போய்விடுகிறது, பதிவுக்கு வருவதில்லை. அந்த வெற்றிடத்தைப் பீடம் எண்ணி, மேலே அறிவித்து, அடுத்த பிள்ளைக்குக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் முதல் செமஸ்டர் விரிவுரைகள் தொடங்கிவிடுகின்றன. பிந்தி வருகிற பிள்ளை யாரிடமாவது நோட்ஸ் கேட்டு அலைய வேண்டும். வெற்றிடங்களை அன்றன்றைக்கே எல்லோருக்கும் தெரியப் போடட்டும். அதற்கு அனுமதியையே பிரித்துக் கொடுக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தை அம்மா:
என் மகள் காத்திருப்பதும் அப்படி ஒரு வெற்றிடத்துக்குத்தான் தம்பி. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எத்தனை இடம் காலி என்று தெரிந்தால், இன்னும் பொறுப்பதா, தனியாரிடம் காசு கட்டுவதா என்று இன்று இரவே அவரோடு பேசி முடிவெடுப்பேன்.