புள்ளியியல் படித்தவர் இனப்பெருக்க நல ஆய்வில் முன்னேற முடியுமா?

மலர்விழி_தரவு:
மதுரையில் எம்.எஸ்சி புள்ளியியல் முடித்துவிட்டு, கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை பின்தொடரும் ஓர் ஆய்வில் டேட்டா வேலை பார்க்கிறேன். இந்தத் துறையிலேயே பிஎச்டி செய்து, வெளிநாடுகளிலும் வேலை பார்க்க ஆசை. "டாக்டருக்குப் படிக்காதவங்க இதுல கடைசி வரைக்கும் எக்ஸெல்தான்" என்கிறார்கள் ஆபீசில். வெளிநாட்டில் எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை) படிக்கக் கடன் வாங்கலாமா? அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

கோமதி_மக்கள்தொகை:
மலர், நானும் டாக்டர் இல்லை. கணிதம் படித்துவிட்டு மும்பையில் மக்கள்தொகையியல், லண்டனில் பிஎச்டி, அப்புறம் வங்கதேசம், கானா என்று ஓடியது.

உங்கள் ஆபீஸ்காரர்களுக்கு வில்லியம் பிராஸைத் தெரியாது போல. ஸ்காட்லாந்துக்காரர், கணிதக்காரர், கிழக்கு ஆப்பிரிக்கப் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவர். பிறப்பு இறப்புப் பதிவே சரியில்லாத நாட்டில் குழந்தை இறப்பைக் கணக்கிட, தாய்மாரிடம் எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்டால் போதும், தாயின் வயதை வைத்து மீதியைக் கணக்குப் போடலாம் என்று காட்டினார். 1989இல் அவரும் வெண்டி கிரஹாமும் ராபர்ட் ஸ்னோவும் காம்பியாவில் சோதித்த முறை இன்னும் அழகு. தாய் இறப்பு அரிய நிகழ்வு என்பதால் வீடு வீடாகப் போய் எண்ணினால் கட்டுப்படியாகாது. அதற்குப் பதில் கூடப் பிறந்த அக்கா தங்கைகளைப் பற்றிக் கேட்டார்கள்: யாராவது கர்ப்பமாக இருக்கும்போதோ பிரசவத்திலோ அதற்குப் பின் சில வாரங்களிலோ இறந்தார்களா என்று. ஒருவர் பல சகோதரிகளுக்குப் பதில் சொல்வதால் சின்ன மாதிரியே போதும். கிடைப்பது பல வருடத்துக்கு முந்தைய நிலவரம், அது ஒன்றுதான் குறை.

என்னைக் கேட்டால் பட்டத்தைவிடக் களம்தான் முக்கியம். வங்கதேசத்தில் மத்லப் என்று ஓர் ஊர், சாந்த்பூர் மாவட்டம். காலரா ஆய்வுக்காகப் போனவர்கள் 1966இலிருந்து அங்கே பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு எல்லாவற்றையும் பதிந்து வருகிறார்கள். 1975இல் வீடு வீடாகக் கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். முதலில் வாங்கினார்கள், கொஞ்ச காலத்தில் விட்டுவிட்டார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத வயதான விதவைகள்; தலைசுற்றுகிறது என்று ஒரு பெண் சொன்னால் பதில் சொல்ல ஆள் இல்லை. 1977இல் அதே ஊர்களின் படித்த, கல்யாணமான இளம்பெண்களை வேலைக்கு வைத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து பேசினார்கள். கருத்தடை ஊசியும் கிடைத்தது, பக்கவிளைவு வந்தால் கவனிப்பும் கிடைத்தது. பாதிப் பகுதியில் இப்படி, மீதியில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். கருத்தடை பயன்படுத்துவதில் வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏழைக் கிராமத்துப் பெண்களுக்குக் கருத்தடையில் விருப்பமே கிடையாது என்று கருத்தரங்குகளில் முழங்கியவர்களுக்கு அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அங்கே ஆய்வு செய்த ஜேம்ஸ் பிலிப்ஸ் 1990களில் கானாவின் நவ்ராங்கோவில், சேவையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனால் நிலைமை மாறுமா என்ற அதே கேள்வியோடு போய் நின்றார். செவிலியர்களைக் கிராமத்திலேயே குடிவைத்து நடத்திய அந்தச் சோதனைதான் 1999இல் தேசியக் கொள்கையானது. கேள்வி ஒன்று, கண்டம் இரண்டு.

சலிப்பு_ஸ்டாட்ஸ்:
அக்கா நல்ல காலத்துக் கதை சொல்கிறார். 1984இல் தொடங்கி 90க்கும் மேற்பட்ட நாடுகளில் சர்வே எடுத்துவந்த டிஹெச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டமே 2025 தொடக்கத்தில் யுஎஸ்எய்டு என்ற அமெரிக்க அரசு உதவி அமைப்பின் பணம் நின்றதும் நின்றுபோனது. அதை நம்பியிருந்த நண்பர்கள் ஒரே வாரத்தில் வேலை தேடினார்கள். பணம் இருந்தபோதும் ஒப்பந்த வேலைதான். ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு நான் தரவைச் சுத்தம் செய்து அட்டவணை எல்லாம் போட்டுக் கொடுத்தேன். கட்டுரை வந்தபோது என் பெயர் நன்றியுரையில், அதுவும் எழுத்துப் பிழையோடு. கடன் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

திருவனந்தபுரம்_வாசி:
எம்பிஎச்சுக்கு ஏன் வெளிநாடு? இங்கே திருவனந்தபுரத்தில், பொது சுகாதாரம் கற்பிக்கும் அச்சுத மேனன் மையத்தில் 1997இலிருந்து நடக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த டி.கே. சுந்தரி ரவீந்திரன் பொருளாதாரம் படித்தவர். 1981இல் செங்கல்பட்டுப் பக்கம் தலித் பெண்களோடு சேர்ந்து ரூவ்செக் என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர். 1993இல் லண்டனிலிருந்து வந்த ‘ரீப்ரொடக்டிவ் ஹெல்த் மேட்டர்ஸ்’ இதழை மார்ஜ் பெரரோடு சேர்ந்து தொடங்கியவரும் அவரே. மருத்துவம் படிக்காமல்தான் எல்லாம்.

கோமதி_மக்கள்தொகை:
கடன் விஷயத்தில் சலிப்பு தம்பி சொல்வது சரி. பெயர் விஷயத்திலும் சரி. யார் எந்த வரிசையில் வருவார்கள் என்று தரவைத் தொடும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிட வேண்டும், கூச்சப்படக் கூடாது.

மலர், பேட்டி எடுக்கும் பெண்களோடு கொஞ்ச நாள் களத்துக்குப் போய் வாருங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கருக்கலைப்பு பற்றிய பதில் மாறிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் நிறையக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும் சர்வேயில், களைத்துப்போன பணியாளர் நான்கு வயதுக் குழந்தையின் வயதை ஐந்து என்று எழுதிவிடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. வரைபடத்தில் நான்கில் பள்ளம், ஐந்தில் மேடு தெரியும். இதையெல்லாம் கண்டுபிடிக்கப் புள்ளியியல் ஆள்தான் வேண்டும்.

உங்கள் ஆய்வில் கர்ப்ப வாரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஸ்கேனா, கடைசி மாதவிலக்குத் தேதியா?

மலர்விழி_தரவு:
அக்கா, எல்லோருக்கும் மாதவிலக்குத் தேதி இருக்கிறது. பாதிப் பேருக்கு முதல் மூன்று மாத ஸ்கேனும் இருக்கிறது. இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், மாதவிலக்குத் தேதிகளில் 1, 10, 15 மட்டும் கூடுதலாக வருகிறது!

கோமதி_மக்கள்தொகை:
தேதி நினைவில்லாதவர்கள் குத்துமதிப்பாகச் சொல்வது. இரண்டும் இருப்பவர்களை மட்டும் எடுத்து, குறைமாதப் பிரசவ விகிதம் இரண்டு கணக்கிலும் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஸ்கேன் யார் எடுக்கிறார்கள், யார் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கட்டுரையைப் பரிசீலிக்கும் முதல் மதிப்பீட்டாளரே அதைக் கேட்பார். நெறிமுறைக் குழு அனுமதியில் இது அடங்குமா என்று முதன்மை ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள். வரைவு வந்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.