மறு: ஷார்ட் கியரிங்குக்கு தமிழ்ல என்ன? "குற்றெட்டு" சரிப்படுமா

வணக்கங்க எல்லாருக்கும்,

போன வாரம் நான் கேட்ட ஒரு சின்ன கேள்விக்கு இத்தன பதில் வரும்னு நினைக்கலைங்க. ஒவ்வொண்ணா படிச்சு, பேப்பர்ல எழுதிப் பாத்து, ரெண்டு நாள் யோசிச்சிட்டுத்தான் இத எழுதுறேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக கேள்வி என்னன்னு இன்னொரு தடவ சொல்லிடுறேன். சின்ன டர்போ கார்ல கியரிங் மாத்துறத பத்தி தமிழ்ல ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன். ஆரம்பிச்சது டியாகோ ஜேடிபிய வச்சு. 2018 அக்டோபர்ல வந்த வண்டி, டாடாவும் எங்க கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து பண்ணது. அப்ப சாதா டியாகோ பெட்ரோல் 85 பிஎஸ், 114 நியூட்டன் மீட்டர். இதுல 1.2 லிட்டர் டர்போ வச்சு 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர் கொண்டுவந்தாங்க. ஆனா எனக்கு பெருசா தெரிஞ்சது இஞ்சின் இல்ல, அதோட நிறுத்தாம கியர் விகிதங்களையும் மாத்தினாங்க பாருங்க, அதுதான். பவர ஏத்துறது எல்லாருக்கும் தோணும், அந்த பவர் சக்கரத்துக்கு எந்த அளவுல போகணும்னு உக்காந்து யோசிக்கிறதுதான் வேலை. 2020ல நிறுத்திட்டாங்க, எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, கட்டுரைல ஒரே ஒரு இடத்துல பேனா நின்னுடுச்சு. "கியரிங்க ஷார்ட் பண்ணாங்க", அதாவது டாப் வேகம் குறைஞ்சாலும் இழுவை கூடுற மாதிரி கியர மாத்தினாங்க. இத தமிழ்ல எப்படி சொல்றது?

> பற்சக்கர விகிதத்தைக் குறைத்தனர் என்று எழுதலாமே?

திருச்சி ஐயா எழுதினது. ஐயா, இதுதாங்க முதல் ஆபத்து. இஞ்சின் எத்தன சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து வரும்ங்கிறதுதான் விகிதம். ஷார்ட் பண்ணா அந்த எண் கூடும், குறையாது. உதாரணத்துக்கு, சக்கரத்துக்குப் போற கடைசி கியர் ஜோடில 3.94 இருந்தது 4.27 ஆகும். ஆனா பட்டறைல பாதி பேரு அதயே "லோ ரேஷியோ"ம்பாங்க, ஏன்னா லோ கியர் மாதிரி இழுக்குது. மீதி பேரு எண்ண பாத்து "ஹை ரேஷியோ"ம்பாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க கணக்குல சரிதான். நாம "தாழ்விகிதம்", "உயர்விகிதம்"னு போட்டா அந்தக் குழப்பத்தயே சந்தி சேர்த்து எழுதின மாதிரிதான் ஆகும்.

இது வெறும் புத்தகச் சண்டை இல்லைங்க, எனக்கே நடந்துச்சு. நம்ம வண்டியும் ஒரு சின்ன டர்போ ஹேட்ச்பேக்தான். முன் சக்கரம் இழுக்குற வண்டில கடைசி கியர் ஜோடி கியர்பாக்ஸுக்குள்ளயே இருக்கும், லாரி மாதிரி பின்னாடி தனியா கிரவுன் பினியன் கிடையாது, பினியன், அதாவது ஜோடில சின்ன சக்கரத்தோட பல்லு, அவுட்புட் ஷாஃப்ட்லயே வெட்டியிருக்கும். அதனால ஷாஃப்ட், ஜோடில பெரிய சக்கரமான ரிங் கியர் ரெண்டயும் புதுசா பண்ணணும். எங்க வண்டில 16க்கு 63 பல்லு, அதாவது 3.94. ஒரு பட்டறைல குடுத்து "ரேஷியோ கம்மியா போடுங்க, பிக்கப் வேணும்"னு சொன்னேன். அவரு "கம்மி"ங்கிற சொல்ல பிடிச்சிட்டாரு. பல்லு வெட்டுற ஹாபிங் முடிஞ்சு, ஹார்டனிங் முடிஞ்சு, கிரைண்டிங்கும் முடிஞ்சு டப்பால வந்துச்சு, எண்ணிப் பாத்தா 17க்கு 62. 3.65. எதுக்கு நேர் எதிரா கேட்டனோ அது. அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன், எண் கம்மியாத்தான இருக்கு? சொல்லு சரியில்ல, அவ்வளவுதான். காசும் ஆறு வாரமும் போச்சு. அன்னைக்கு ராத்திரிதான் இந்தக் குழுவுக்கு எழுதணும்னு தோணுச்சு.

> பல் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் போதுமே, சொல் எதற்கு?

பட்டறைக்கு போதும், ஒத்துக்கிறேன். ரெண்டு ஷாஃப்டுக்கு நடுவுல இருக்கிற தூரம் மாறக்கூடாது, அதனால பல்லோட கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கணும், 16ம் 63ம் 79, அப்ப 15க்கு 64 இல்லன்னா 17க்கு 62, இப்படித்தான் நகர முடியும். அதெல்லாம் அவங்களுக்கு தெரியும். ஆனா படிக்கிற பையனுக்கு "15க்கு 64"ன்னா என்ன புரியும்? டயர் மாறினா அதே பல்லு வேற மாதிரி ஓடும். வண்டி எப்படி நடந்துக்கும்ங்கிறத சொல்ற சொல்லு வேணும், இரும்பு எப்படி இருக்குங்கிறத இல்ல.

> குறும்பல்லிணை, நெடும்பல்லிணை?

யாழ்ப்பாணத்து அண்ணன் "பற்சில்லு"ன்னு சொல்லியிருந்தாரு, சென்னைல இருந்து ஒரு தங்கச்சி "பல்லிணை". ரெண்டும் எனக்கு பிடிச்சிருக்கு, கியருக்கு பல்லிணைய நான் கட்டுரைல எடுத்தும் ஆச்சு. ஆனா குறும்பல்லிணைன்னா குட்டியா இருக்கிற பல்சக்கரம்னுதான் தோணும். இங்க குட்டையாகுறது சக்கரம் இல்லைங்களே. அப்ப எது குட்டையாகுது? இதுக்கு பதில் கிடைச்சா சொல்லு தானா வந்துடும்னு உக்காந்தேன்.

குட்டையாகுறது, இஞ்சின் ஒரு சுத்து சுத்தும்போது வண்டி ரோட்டுல எவ்வளவு தூரம் நகருதோ அந்த தூரம். அவ்வளவுதான். இத சென்டிமீட்டர்லயே போட்டுப் பாத்தேன். டயர் 185/60 ஆர்15, ஒரு உருளலுக்கு 1.89 மீட்டர் சுமாரு. கியர் விகிதம் 3.42, 1.95, 1.30, 0.95, 0.76னு வச்சுக்குவோம், கடைசி ஜோடி 3.94. அப்ப இஞ்சின் ஒரு சுத்துக்கு முதல் கியர்ல வண்டி 14 செ.மீ. நகரும், ரெண்டாவதுல 24.7, மூணாவதுல 37, நாலாவதுல 50.6, அஞ்சாவதுல 63. கடைசி ஜோடிய 15க்கு 64ன்னு, அதாவது 4.27ன்னு மாத்தினா 13, 22.8, 34, 46.7, 58.4.

இத பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலைங்க. ரெண்டாவது கியர் ஒரு சாண். நாலாவது கியர் ஒரு முழம். எங்க ஆத்தா பூ அளக்குற அளவுல என் கார் கியர்பாக்ஸ் உக்காந்திருக்கு.

அப்பறம் தான் "எட்டு" ஞாபகம் வந்துச்சு. "எட்டி நட"ன்னு சொல்றோமில்ல, அந்த எட்டு, ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் நடுவுல இருக்கிற தூரம். வெள்ளியங்கிரி ஏறினவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஏத்தத்துல யாரும் எட்டி வைக்க மாட்டாங்க, சின்ன சின்ன எட்டா வேகமா வைப்பாங்க, சமதளம் வந்தா தானா எட்டு நீளும். மலைல நீள எட்டு வச்சா தொடை நடுங்கும், சமதளத்துல சின்ன எட்டு வச்சா கால் படபடன்னு அடிச்சுட்டே இருக்கும் ஆனா தூரம் போகாது. கியர் பத்தி சொல்ல வேண்டியது மொத்தமும் இதுலயே இருக்கு. ஷார்ட் கியரிங்ல இழுவை கூடும், இஞ்சின் சுத்து கூடும், அஞ்சாவது கியர்ல 100ல போனா முன்ன 2630 சுத்து இருந்தது இப்ப 2850 ஆகும், நெடுஞ்சாலைல சத்தமும் பெட்ரோலும் கொஞ்சம் ஏறும். எல்லாம் அந்த சின்ன எட்டுக்குள்ளயே வந்துடுது.

அதனால என் முன்மொழிவு:

இஞ்சின் ஒரு சுத்துக்கு வண்டி நகர்ற தூரம் "சுற்றெட்டு". ஷார்ட் கியரிங் "குற்றெட்டு". அதுக்கு நேர் எதிரான டால் கியரிங் "நெட்டெட்டு". கியரிங் மாத்துறது "எட்டு மாற்றம்", குறுக்குறது "எட்டுக் குறுக்கம்".

குறுமையும் எழுத்தும் சேர்ந்தா குற்றெழுத்து, நெடுமையும் எழுத்தும் சேர்ந்தா நெட்டெழுத்து, அதே வழிதான் இதுவும், பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சது.

> எட்டு என்றால் 8. அதுவும் வண்டி விஷயத்தில் "எட்டு போடுவது" என்றால் லைசென்ஸ் டெஸ்ட். ஆர்டிஓ ஆபீஸ் ஞாபகம்தான் வரும்.

மதுரை தம்பி, நியாயமான கேள்வி. நானும் இதனாலதான் முதல்ல "நடை"க்கு போனேன், சுற்றுநடை, குறுநடை, நெடுநடை. கேக்க இன்னும் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க பெரியப்பா லாரி ஓட்டினவரு, அவருகிட்ட "சுற்றுநடை"ன்னதும் "எத்தன நடைடா, லோடு எங்க இருந்து?"ன்னு கேட்டாரு. லாரிக்காரங்களுக்கு நடைன்னா ட்ரிப். இன்னைக்கு மூணு நடை மணல் அடிச்சோம்பாங்க. வண்டிக்காரங்க நடுவுல ஏற்கனவே வேற பொருள்ல ஓடிட்டு இருக்கிற சொல்ல நாம போய் பிடுங்கக்கூடாது. தப்படியும் பாத்தேன், நல்ல நாட்டுச் சொல்லு, ஆனா "குறுந்தப்படி"ன்னு சொன்னா வாய் சுளுக்குது. எட்டு தனியா நின்னாத்தான் 8 ஆகும், குற்றெட்டு நெட்டெட்டுன்னு முன்னொட்டோட வந்தா யாரும் 8ன்னு எண்ண மாட்டாங்கன்னு நம்புறேன். "குற்றம்" மாதிரி கேக்குதுன்னு ஒருத்தர் எழுதினீங்க, குற்றியலுகரத்த நாம குற்றம்னா நினைக்கிறோம்?

> ஸ்பிராக்கெட் மாற்றுவதும் இதுதானே?

ஆமா ஆமா, அதேதான். பைக்குல செயின் ஓடுற முன் ஸ்பிராக்கெட்ல ஒரு பல்லு குறைச்சா பிக்கப் ஏறும் டாப் குறையும்னு நம்ம பசங்க எல்லாருக்கும் தெரியும். அதுவும் எட்டுக் குறுக்கம்தான். சைக்கிளுக்கும் பொருந்தும், அங்க மிதிக்கு எட்டு. சொல்லு மூணு வண்டிக்கும் ஓடுறதுதான் எனக்கு தைரியம் குடுக்குது.

இப்ப ஒரு எச்சரிக்கை, கட்டுரைல நான் ரொம்ப அழுத்தி எழுதியிருக்கிற இடம் இது. டர்போ வண்டில குற்றெட்டு எல்லாத்துக்கும் மருந்து இல்ல. டர்போ எக்ஸாஸ்ட் காத்துல சுத்துற விசிறி, இஞ்சினுக்கு பாரம் இருந்தாத்தான், கொஞ்ச நேரம் குடுத்தாத்தான் பூஸ்ட், அதாவது இஞ்சினுக்குள்ள அது தள்ளுற கூடுதல் காத்தழுத்தம், கட்டும். முதல் கியர் எட்ட ரொம்ப குறுக்கிட்டா பூஸ்ட் வர்றதுக்குள்ள கியர் முடிஞ்சுடும், வந்தாலும் முன் டயர் ரோட்டுலயே சுத்தும். அதோட நம்ம ஆளுங்க குழப்புற இன்னொண்ணு, கியர் போட்டதும் சுத்து தொப்புன்னு விழுந்து பூஸ்ட் போயிடுதுன்னு சொல்லி கடைசி ஜோடிய மாத்துவாங்க. அதுனால அது சரியாகவே ஆகாதுங்க. 6000ல முதல் கியர்ல இருந்து ரெண்டாவது போட்டா 3420க்கு விழும், 1.95ஐ 3.42ஆல வகுத்தா வர்ற கணக்கு அது, அதுல கடைசி ஜோடி வரவே இல்ல. 3.94 போட்டாலும் 4.27 போட்டாலும் அதே 3420. எல்லா எட்டும் ஒரே அளவுல, இங்க ஏழே முக்கால் சதவீதம் சுமாரு, குறுகுது, இடைவெளி அப்படியே இருக்கு. அந்த விழுகைய குறைக்கணும்னா உள்ள ஒவ்வொரு கியரா மாத்தி நெருக்கணும், அது வேற வேலை, வேற செலவு. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே மாதிரி ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் டிராக்குல, நேர் ரோடே குறைச்சலா இருக்கிற இடத்துல, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு வளைவுலயும் தெரியும்.

அதனால அந்த விழுகைக்கும் ஒரு தனிச்சொல்லு வேணும். நான் "இடைச்சரிவு"ன்னு வச்சிருக்கேன், ரெண்டு கியருக்கு இடைல சுத்து சரியுற அளவு. கியர்கள நெருக்கி வைக்கிற கிளோஸ் ரேஷியோவ "குறைசரிவுப் பல்லிணை"ன்னு சொல்லலாமான்னு பாக்குறேன், முழு திருப்தி இல்ல. யாழ்ப்பாணத்து அண்ணனும் சென்னை தங்கச்சியும் இத கொஞ்சம் தட்டிப் பாருங்க.

ரிவர்ஸ் கியரும் கடைசி ஜோடி வழியாத்தான் போகுது, அதனால அதோட எட்டும் குறுகும், கேட்டவருக்கு பதில். ஸ்பீடோமீட்டர் கடைசி ஜோடிக்கு முன்னாடி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல இருந்து எடுக்குற வண்டின்னா கூடுதலா காட்டும், கடைசி ஜோடிக்கு அப்பறமோ சக்கர சென்சார்ல இருந்தோ எடுத்தா ஒண்ணும் ஆகாது.

கடைசியா ஒண்ணு. ரெண்டாவது செட்டுக்கு ஆர்டர் குடுக்கும்போது ரேஷியோங்கிற வார்த்தையவே நான் வாய்ல எடுக்கல. ஜாப் கார்டுல "ரெண்டாவது கியர், இஞ்சின் ஒரு சுத்துக்கு வண்டி 22.8 செ.மீ., இப்ப 24.7 இருக்கு"ன்னு எழுதி குடுத்தேன். அதே பட்டறைக்காரர்தான், கையில கால்குலேட்டர் எடுத்து தட்டிட்டு "ஓ, எட்ட குறுக்கணுமா, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல"ன்னாரு. நான் அவருகிட்ட அந்த சொல்ல சொல்லவே இல்லைங்க, அவரு வாய்ல தானா வந்துச்சு. போன வெள்ளிக்கிழமை டப்பா வந்துச்சு, பினியன்ல 15 பல்லு.

அன்புடன்,
கணபதி, கோயமுத்தூர்ல இருந்து