ராயல் என்ஃபீல்டின் அடுத்த பிரேம் எந்த வண்டிக்கு வர வேண்டும்: 350-க்கா, 650-க்கா?

ஒற்றியூர் வாசகன்:

ரெடிட்ச் நகரத்து ஆங்கிலேய நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை எழுப்பிய காலத்திலிருந்தே, இந்தக் கம்பெனி அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது நம் பகுதியில் டீக்கடைப் பேச்சாக இருந்து வருகிறது. இன்று பெரிய ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. 2024-25 நிதியாண்டில் விற்பனை முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. வண்டியின் எலும்புக்கூடான பிரேமைப் புதிதாகச் செய்வதில் துணிந்து பணம் போட இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைக்கிறேன். அந்தப் பணம் எந்த வண்டிக்குப் போக வேண்டும் என்பதே என் கேள்வி.

350 வகையில் கம்பெனி செய்தது சரி. 2020 நவம்பரில் மீட்டியோருடன் வந்த ஜே தளம் என்னும் பொது அடிப்படையின்மேல் 2021-இல் கிளாசிக், 2022-இல் ஹண்டர், 2023-இல் புல்லட், 2024-இல் கோவன் கிளாசிக் என்று அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றிலும் அதே 349 சிசி என்ஜின், அதே 20.2 குதிரைத் திறன். ஆனாலும் மீட்டியோரின் வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளம்) 1400 மி.மீ., கிளாசிக்கில் 1390, ஹண்டரில் 1370. ஹண்டருக்கு இரண்டு பக்கமும் 17 அங்குலச் சக்கரம். ஓட்டிப் பார்ப்பவருக்கு இவை வேறு வேறு வண்டிகள்தாம்.

650-இல் அந்தக் கணக்குப் பிசகிவிட்டது. 2018-இல் வந்த இன்டர்செப்டருக்கும் கான்டினென்டல் ஜிடிக்கும், என்ஜினை இரண்டு குழாய்கள் கீழிருந்து ஏந்தும் இரட்டைத் தொட்டில் பிரேம். அதன் பின்னால் 2015-இல் கம்பெனி வாங்கிய, பிரேம் வடிவமைக்கும் ஆங்கிலேய நிறுவனமான ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸின் கைவண்ணம் இருந்தது. 2023-இல் சூப்பர் மீட்டியோருக்காக, என்ஜினை மேலிருந்து தாங்கும் முதுகெலும்பு வகையில் இன்னொரு பிரேம் வந்தது. அது 1500 மி.மீ. வீல்பேஸ் கொண்ட, நீட்டிச் சாய்ந்து உட்காரும் வண்டி. அந்தப் பிரேமின் வழியிலேயே ஷாட்கன்னையும், 2025-இல் கிளாசிக் 650-ஐயும் செய்ததுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போவதற்குப் பிறந்த எலும்புக்கூட்டின்மேல் ஊருக்குள் ஓடும் வண்டியைக் கட்டியதால் கிளாசிக் 650-இன் எடை 243 கிலோவில் வந்து நிற்கிறது. இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு இலகுவான புதிய பிரேம் ஒன்றுக்கே அடுத்த முதலீடு போக வேண்டும்.

தண்டையார்பேட்டை பட்டறை:

தம்பி, நீங்கள் பிரேமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். எடை வேறு இடத்தில் இருக்கிறது. கிளாசிக் 650-ஐப் பிரித்து வைத்துப் பாருங்கள்: இரும்பு டாங்க், இரும்பு மட்கார்டுகள், ஹெட்லைட்டைச் சுற்றிய உலோக மூடி, கம்பிச் சக்கரங்கள், இரண்டு பக்கமும் நீண்ட சைலன்சர்கள். இவற்றை எல்லாம் பிளாஸ்டிக்காகவும் மெல்லிய தகடாகவும் மாற்றினால் எடை குறையும். ஆனால் அதற்காகவே அந்த வண்டியை வாங்குகிறவர் அதன்பிறகு வாங்க மாட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு முன்பு கூடுதல் தீர்வையோடு சேர்த்து 31 விழுக்காடு இருந்தது, இப்போது 40. 349 சிசியில் நிற்கும் ஜே தளத்துக்கும் 648 சிசி வண்டிக்கும் இடையே அரசாங்கமே சுவர் எழுப்பிவிட்ட பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் புதிய பிரேம் செய் என்று எந்த முதலாளியிடம் சொல்வது? புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஓடும் என்ஃபீல்டுகளில் பெரும்பாலானவை 350. அவர்கள் கொடுத்த பணத்தில்தான் மற்ற எல்லாம் நடக்கிறது. அடுத்த பிரேமும் அவர்களுக்கே வர வேண்டும்; கிளாசிக்கின் 195 கிலோவை 180-க்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். அது பத்து லட்சம் பேருக்குப் பயன்படும் வேலை.

எண்ணூர் வெல்டிங்:

பிரேம் செய்வதில் பணம் எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருவருமே புதிய பிரேம் என்பதை வரைபடம் போடும் வேலையாகப் பேசுகிறீர்கள். குழாயை வளைக்கும் அச்சு ஒவ்வொரு வளைவுக்கும் தனி. வளைத்த குழாய்களைப் பிடித்து நிறுத்தும் ஜிக் தனி. வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும்; எந்த மூட்டை முதலில் வைக்க வேண்டும், எதை ஆறவிட்டுப் பிறகு வைக்க வேண்டும் என்ற வரிசை தவறினால், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் உட்காரும் தலைக்குழாயும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மாட்டும் துளையும் ஒரே நேரில் நிற்காது. அந்த வரிசையைக் கண்டுபிடித்து, ரோபோவுக்குச் சொல்லிக் கொடுத்து, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி எடுக்கும் நிலைக்கு வரவே நீண்ட காலம் ஆகும். அதன்பின் புனேயில் ஒப்புதல் சோதனை, டயருக்கும் வீல்பேஸுக்கும் ஏற்ப ஏபிஎஸ் சரிக்கட்டல் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் எந்தக் கம்பெனியும் ஒரு பிரேமை எடுத்தால் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அதில் காலம் ஓட்டப் பார்க்கிறது.

அப்படியிருக்க, உண்மையான வீண்செலவு 350-இலும் இல்லை, 650-இலும் இல்லை, நடுவில் இருக்கிறது. 2016-இல் வந்த பழைய ஹிமாலயனின் பிரேம் இன்னும் 443 சிசி என்ஜின் கொண்ட ஸ்க்ராம் 440-இல் உயிரோடு இருக்கிறது. 2023-இல் வந்த புதிய ஹிமாலயனுக்கு 452 சிசி தண்ணீர் குளிர்விப்பு என்ஜினும் முற்றிலும் வேறான பிரேமும். அதிலிருந்து 2024-இல் கெரில்லா வந்தது. சிசியில் ஒன்பதே வித்தியாசம் உள்ள இரண்டு என்ஜின்களுக்கு இரண்டு பிரேம்கள். இரண்டுக்கும் அதே 40 விழுக்காடு வரி. பழையதை நிறுத்தினாலே ஜிக்கும் இடமும் ஆட்களும் மிஞ்சும். பிறகு உங்கள் சண்டையைத் தொடருங்கள்.

ஒற்றியூர் வாசகன்:

எண்ணூர் தோழர் சொன்ன 440 விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பட்டறை அண்ணனுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அண்ணே, எடை டாங்க்கிலும் மட்கார்டிலும் இருக்கிறது என்கிறீர்கள். இன்டர்செப்டருக்கும் இரும்பு டாங்க்தான், கம்பிச் சக்கரமும் உண்டு, இரண்டு சைலன்சரும் உண்டு, என்ஜினோ அதே 648 சிசி. அது 218 கிலோ. கிளாசிக் 650 அதைவிட 25 கிலோ கூடுதல். இந்த 25 கிலோவையும் மட்கார்டின் கணக்கில் எழுத முடியாது. 1398 மி.மீ. வீல்பேஸ் 1475 ஆக நீண்டதும், பின்பக்கம் கனத்ததும் சேர்ந்துதான் இந்த எடை. சக்தி ஒரு குதிரைகூடக் கூடவில்லை. ஐரோப்பாவில் ஏ2 என்னும் நடுத்தர வகை பைக் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டுவதற்கு 35 கிலோவாட் வரம்பு இருப்பதால் 47 குதிரையில்தான் நிற்க வேண்டும். சக்தியைக் கூட்ட வழியில்லாத ஒரு வண்டியில் எடையைக் குறைப்பதைத் தவிர வேறு முன்னேற்றம் ஏது?

வரியைப் பற்றி: வரி ஜிஎஸ்டி கவுன்சிலின் ஒரு கூட்டத்தில் வந்தது, இன்னொரு கூட்டத்தில் மாறும். பிரேம் பத்து, பதினைந்து ஆண்டு ஓடும் பொருள். மேலும் 650 உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் செய்யப்பட்டதில்லை; நம் நிதிச் சட்டத்துக்கு வெளியே அதற்குப் பெரிய உலகம் இருக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் தொழில்நுட்ப மையம் வைத்து ஆள் சேர்த்ததே அந்த உலகத்துக்காகத்தான்.

உள்ளூரில் விற்கிறது என்பதற்காகப் பழைய பிரேமிலேயே குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கம்பெனியே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. புல்லட்டை அரை நூற்றாண்டு அப்படியே செய்துகொண்டிருந்து, 2000 வாக்கில் இதன் உரிமையாளரான ஐஷர் குழுமம் இதை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று யோசிக்கும் இடத்துக்கு வந்தது. அந்தக் குழுமத்தின் சித்தார்த்த லால் கம்பெனிப் பொறுப்பை ஏற்றதும் அப்போதுதான். அது திருவொற்றியூரில் எத்தனை குடும்பங்களின் அடிவயிற்றைக் கலக்கிய காலம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தண்டையார்பேட்டை பட்டறை:

தெரியும் தம்பி. ஆனால் அந்தக் குழியிலிருந்து கம்பெனியை மேலே தூக்கியது எது என்றும் பாருங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக இணைந்த யூசிஇ என்ஜின், அதைத் தாங்கிய ஒற்றைக் குழாய் பிரேம், அதன்மேல் பழைய முகத்தோடு 2009-இல் வந்த கிளாசிக். அதில் ஓட்டத்துக்கான நவீன பிரேம் எதுவும் இல்லை. 2013-இல் கான்டினென்டல் ஜிடி 535-க்கு ஹாரிஸ் கையால் அருமையான இரட்டைத் தொட்டில் பிரேம் கொடுத்தார்கள். எல்லாரும் பாராட்டினார்கள், வாங்கியவர் சிலரே. பாராட்டு வேறு, விற்பனை வேறு.

350-இல் பழைய குறையைத் தீர்த்தது எப்படி என்பதையும் கவனியுங்கள். ஜே என்ஜினுக்குள் அதிர்வைச் சமன் செய்யும் ஷாஃப்ட் வைத்தார்கள், பிரேமுக்கு முன்பக்கம் இரட்டைக் குழாய் கொடுத்தார்கள். கைப்பிடியிலும் கால்மிதியிலும் வந்த நடுக்கம் போனது. ஹண்டரின் பின் ஸ்பிரிங் முரடு என்று பேச்சு வந்தபோது, 2025-இல் ஸ்பிரிங்கை மாற்றி, கிளட்ச்சையும் இலகுவாக்கிக் கொடுத்தார்கள், பிரேமைத் தொடவில்லை. இருக்கும் எலும்பை நன்றாகப் புரிந்துகொண்டு சதையைச் சீராக்கும் இந்த முறையே சரி.

மணலி:

பேச்சு முழுவதும் இரும்புக் குழாயைப் பற்றியே போகிறது. 2024 நவம்பரில் மிலானில் காட்டிய ஃபிளையிங் ஃபிளீ சி6 மின்சார வண்டிக்கு சூட்டில் அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்டு) அலுமினியப் பிரேம், பேட்டரிக்கு மெக்னீசியக் கூடு. இன்று 650-க்கோ 350-க்கோ வாங்கும் வளைப்பு அச்சு எதுவும் அந்தப் பக்கம் உதவாது. பணத்தை இரும்பில் போடுவதா என்பதையும் கேட்க வேண்டாமா?

எண்ணூர் வெல்டிங்:

மணலி நண்பருக்கு: அந்த வண்டி நகரத்துக்கானது, இலகுவானது, தனிப் பெயரில் வருவது. அதை வைத்து 200 கிலோ வண்டிகளின் பிரேமைத் தீர்மானிக்க முடியாது. பெட்ரோல் வண்டி இன்னும் பல காலம் இரும்புக் குழாயில்தான் ஓடும். வளைந்தால் நிமிர்த்தலாம், விரிந்தால் ஒட்டலாம், கடற்காற்றில் துரு ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை பட்டறை:

நிமிர்த்துவது என்று தோழர் சொன்னதால் ஒன்றைச் சொல்கிறேன்; 350 பெரிதா, 650 பெரிதா என்பதைவிட எனக்கு இதுவே முக்கியம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி பின்னால் வந்து இடித்த வண்டி பட்டறைக்கு வரும்போது, முதலில் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் பார்ப்போம். பல வண்டிகளில் நடு பிரேம் நேராகவே இருக்கும். சீட்டுக்கு அடியில் ஓடும் பின் குழாய் மட்டும் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். பின்பகுதி முழுப் பிரேமோடு ஒட்டி வருகிற எந்தக் கம்பெனி வண்டியானாலும், முறையாகச் செய்வதென்றால் பிரேமையே மாற்ற வேண்டும். சேஸிஸ் நம்பர் அடித்திருப்பது தலைக்குழாயில். ஆகவே இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. அலுவலகம், ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் என்று வண்டிக்காரர் வேலைக்குப் போகாமல் அலைவார். அலைய முடியாதவர் அடுப்பில் காய்ச்சி அடித்து நிமிர்த்தச் சொல்வார்; காய்ச்சிய குழாயின் பலம் பழையபடி வராது என்று தெரிந்தும் சொல்வார். அடுத்த பிரேம் எதற்கு வந்தாலும், பின்பகுதி போல்ட் போட்டுக் கழற்றும்படி வர வேண்டும். அது முதலில் 350-க்கு வர வேண்டும் என்கிறேன், ஏனென்றால் சாலையில் அடிபடுகிறவர்களில் அதிகம் பேர் அந்த வண்டிக்காரர்கள்.

ஒற்றியூர் வாசகன்:

அண்ணே, போல்ட் போட்ட பின்பகுதி என்பது நானும் கையெழுத்துப் போடும் கோரிக்கை. ஆனால் அதுவே என் பக்கத்துக்கும் வழி திறக்கிறது. பின்பகுதி தனியாக வந்துவிட்டால், இன்டர்செப்டரின் குட்டையான நடு பிரேமையே வைத்துக்கொண்டு, கிளாசிக் 650-க்கு ஒரு பின்பகுதி, ஷாட்கன்னுக்கு ஒன்று, 2025-இல் காட்டிய புல்லட் 650-க்கு ஒன்று என்று செய்யலாம், 1475 மி.மீ. நீளம் யாருக்கும் தேவைப்படாது. சூப்பர் மீட்டியோர் மட்டும் தன் பிரேமில் இருக்கட்டும். இரண்டாவது பிரேமுக்குப் பிடிக்கும் ஜிக்குகளும் குறையும்.

எண்ணூர் வெல்டிங்:

போல்ட் வரும் இடத்தில் தடித்த காதுகளை ஒட்ட வேண்டும், அங்கே எடை ஏறும். நீங்கள் கேட்கும் 25 கிலோவில் கொஞ்சம் அந்தக் காதுகளுக்கே போய்விடும். ஆனாலும் அந்த விலை கொடுக்கத் தகும். 350-இல் செய்து பார்த்து, ஆயிரக்கணக்கில் எடுத்து, காதுகள் எங்கே விரிகின்றன என்று சாலையில் தெரிந்துகொண்ட பிறகு 650-க்குக் கொண்டு போவதுதான் ஜிக் பிடிப்பவன் சொல்லும் வரிசை.