காவல்துறைச் செலவை வழக்கு எண்ணிக்கையால் வகுக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். பொது நிர்வாகம் முதுகலை படிக்கிறேன். தமிழ்நாட்டில் குற்றங்களும் அதற்கு அரசு செலவழிக்கும் பணமும் பத்து வருடமாக எப்படிப் போயிருக்கிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். என்.சி.ஆர்.பி. (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) அட்டவணைப்படி இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) வழக்குகள் 2019ல் சுமார் 1.68 லட்சம், 2020ல் 8.9 லட்சம். பட்ஜெட்டில் காவல்துறைக்கு 2022-23ல் 10,285 கோடி. வருடாவருடம் செலவை வழக்கு எண்ணிக்கையால் வகுத்து "ஒரு வழக்குக்கு இவ்வளவு செலவு" என்று காட்டலாம் என நினைத்தேன். ஆனால் 2020ல் அந்தத் தொகை அதலபாதாளத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு வருடத்தை விட்டுவிட்டால் போதுமா, இல்லை வகுப்பதே தப்பா?

பழைய ரைட்டர்:
தம்பி, ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், எண்ணிக்கை எப்படி உருவாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 2020 ஊரடங்கு வருடம். வெளியே வந்தவர்கள் மேலெல்லாம் அரசு உத்தரவை மீறியதற்கான இ.பி.கோ. 188வது பிரிவைப் போட்டோம். நாடு முழுக்க அந்தப் பிரிவில் 2019ல் 29 ஆயிரம் வழக்கு, 2020ல் 6.12 லட்சம். நம் மாநிலத்தில் ஊரடங்கு மீறலுக்குப் போட்ட வழக்குகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால் மற்ற வருடங்களும் சுத்தம் இல்லை. செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்று ஒருவர் வருவார். "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீது தருகிறோம், புது சிம் வாங்க அது போதும்" என்று அனுப்பிவிடுவார்கள், அவரும் வேலை முடிந்தால் சரி என்று போய்விடுவார். அந்த ரசீது எந்த அட்டவணையிலும் ஏறாது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லியாயிற்று. ஆனாலும் வழக்கு கூடினால் க்ரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டர்தான் பதில் சொல்லவேண்டும், அந்தப் பயம் போகாதவரை எண்ணிக்கை இப்படித்தான் இருக்கும்.

அதனால் மொத்த எண்ணிக்கையை நம்பாதீர்கள். கொலையை எடுங்கள், பிணத்தை மறைப்பது சுலபம் இல்லை. அடுத்தது வாகனத் திருட்டு, எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்பதால் வண்டியைப் பறிகொடுத்தவர் விடமாட்டார். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) வழக்கு கூடினால் குற்றம் கூடியது என்று உடனே எழுதிவிடாதீர்கள். முன்பு வாயே திறக்காத குடும்பங்கள் இப்போது புகார் கொடுக்க வருகின்றன, அது நல்ல விஷயம்.

தணிக்கை தஞ்சாவூர்:
பணத்தின் பக்கம். நீங்கள் எடுத்தது காவல்துறை மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கென்று சட்டமன்றத்தில் கேட்கும் தொகை) மட்டும், எண் 22. நீதி நிர்வாகம் எண் 3, சிறைத்துறை எண் 24. செலவைப் பதிவு செய்யும் கணக்குத் தலைப்பு முறையே 2055, 2014, 2056. ஓய்வூதியம் 2071ல் போய் உட்கார்ந்திருக்கும், காவல்துறைக் கட்டிடங்கள் 4055ல். இவ்வளவையும் சேர்த்தால்தான் குற்றவியல் நீதிக்கான செலவு. 2022-23ல் நீதி நிர்வாகத்துக்கு ஒதுக்கியது சுமார் 1,462 கோடி, காவல்துறைக்கு ஒதுக்கியதில் ஏழில் ஒரு பங்கு. இதை யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதில் ஆதங்கம் உண்டு.

இன்னொன்று, ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. 2022-23ல் உண்மையில் செலவானது 2024-25 பட்ஜெட் புத்தகத்தில் 'கணக்குகள்' என்ற பத்தியில்தான் வரும். அதை எடுத்து விலைவாசி உயர்வையும் கழியுங்கள். காவல்துறை பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளம், ஊதியக் குழு வந்த வருடம் செலவு எகிறும், அதற்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

வைகைக்கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி ஐயா. அப்போ எதை எதால்தான் வகுப்பது?

கோர்ட்டு வாசல்:
வழக்கறிஞர். வகுப்பதை விட்டுவிட்டு வழக்கு எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். போன வருடத்திலிருந்து வந்த வழக்கு, புதிது, குற்றப்பத்திரிகை போட்டது, தீர்ப்பானது, மீதி நிற்பது, எல்லாமே என்.சி.ஆர்.பி. அட்டவணையிலேயே இருக்கிறது. தேக்கம் எங்கேயோ, செலவு வேறெங்கேயோ விழும். ஒரு சின்ன உதாரணம், ரிமாண்டில் இருப்பவரை வாய்தாவுக்கு அழைத்து வர ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் வரும். சாட்சி வரவில்லை என்று தள்ளி வைத்தால் அடுத்த மாதம் திரும்ப அதே. கோர்ட்டில் ஆன தாமதத்துக்குப் பணம் போவது காவல்துறைத் தலைப்பிலிருந்தும் சிறைத் தலைப்பிலிருந்தும். 2022 கடைசியில் நாடு முழுக்கச் சிறையில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நம் மாநிலத்தில் 1982 குண்டர் சட்டத்தில் தடுப்புக்காவலில் உள்ளே இருப்பவர்களைத் தனியாகக் காட்டுங்கள், அவர்களுக்கு அந்தக் காவலுக்கென்று விசாரணையே கிடையாது.

2024 ஜூலை 1ல் இ.பி.கோ.வுக்குப் பதிலாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துவிட்டது, பிரிவுகள் மாறிவிட்டன. வரைபடத்தில் அங்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

வைகைக்கரை:
கொலை, வாகனத் திருட்டு, தேங்கிய வழக்கு மூன்றையும் எடுக்கிறேன். சிறையில் ஒரு ஆளுக்கு ஆகும் செலவும் போடலாமா?

தணிக்கை தஞ்சாவூர்:
போடலாம். ஆனால் சிறை எண்ணிக்கை டிசம்பர் 31 அன்றைய தலைக்கணக்கு, குற்ற அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர், பட்ஜெட் ஏப்ரல் முதல் மார்ச். இந்த வித்தியாசத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.