டெஸ்ட் எல்லாம் பச்சை, ரோல்பேக் மட்டும் விழுந்தது

ஜென்கின்ஸில் (கோடைத் தானாகக் கட்டி, சோதித்து, சர்வரில் ஏற்றும் கருவி) ஷேர்டு லைப்ரரி, அதாவது பல ப்ராஜெக்டுகள் பகிரும் பொதுக் கோடு, எழுதுகிறவர்களுக்காக இதைப் பதிகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

எங்கள் எல்லா சர்வீஸ்களுக்கும் ஒரே லைப்ரரிதான். டிப்ளாய் (புது வெர்ஷனை ஏற்றுவது), ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) இரண்டுக்குமான ஷெல் ஸ்கிரிப்டுகள் அதன் ரிசோர்சஸ் ஃபோல்டரில் இருந்தன. ஆரம்பத்தில் ஜாவா பழக்கத்தில் 'நியூ ஃபைல்' போட்டுத் திறக்கப் பார்த்தேன். கோப்பே இல்லை என்றது. பைப்லைனின் வேலைகள் ஓடும் ஏஜென்ட் மெஷினில் ஒரு மதியம் முழுக்கத் தேடினேன். லைப்ரரியை எழுதும் குரூவி மொழிக் கோடு ஓடுவது ஜென்கின்ஸின் தலைமை மெஷினான கன்ட்ரோலரில், ஏஜென்டில் வேலை செய்வது ஷெல், ரைட்ஃபைல் மாதிரி ஸ்டெப்புகள்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் லைப்ரரிரிசோர்ஸ் ஸ்டெப்புக்கு மாறினேன். அது கோப்பின் உள்ளடக்கத்தைச் சரமாகத் தரும். அதை ரைட்ஃபைல் மூலம் வொர்க்ஸ்பேஸில் எழுதி, சிஹெச்மாட் போட்டு (ஓட்டும் அனுமதி கொடுத்து) ஓட்டினோம்.

தவறு டெஸ்டில் இருந்தது. ஜென்கின்ஸ் பைப்லைன் யூனிட் என்ற டெஸ்ட் கருவியில் லைப்ரரிரிசோர்ஸுக்கு நான் போட்ட மாக் (நிஜத்துக்குப் பதில் டெஸ்டில் நிற்கும் போலி), எந்தப் பாதையைக் கேட்டாலும் 'எக்கோ ஓகே' என்று ஒரே வரியைத் திருப்பித் தரும். பாதையை அது பார்ப்பதே இல்லை.

சில மாதம் கழித்து வேறொரு குழுவின் லைப்ரரியையும் சேர்த்து லோடு செய்தோம். அதிலும் அதே பெயரில் ஸ்கிரிப்ட் இருந்ததால், எதை எடுப்பது என்று தெரியாமல் ஜென்கின்ஸ் நின்றுவிட்டது. சரி என்று எங்கள் கோப்புகளை பேக்கேஜ் பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் நகர்த்தினோம். டிப்ளாயில் பாதையை மாற்றினோம். ரோல்பேக்கில் விட்டுப்போனது. டெஸ்ட் அத்தனையும் பச்சை.

அடுத்த ரிலீஸ் இரவில் வேறு காரணத்தால் சர்வீஸ் ஒன்று படுத்தது. ரோல்பேக்கை அழுத்தினேன். அப்படி ஒரு ரிசோர்ஸே இல்லை என்று சிவப்பில் ஒரே வரி. பழைய வெர்ஷனைக் கையால் ஏற்றி முடிக்கும்வரை கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த மாக், கேட்ட பாதையில் ரிசோர்சஸ் ஃபோல்டரின் நிஜக் கோப்பையே படித்துத் தருகிறது. கோப்பு இல்லாவிட்டால் டெஸ்ட் விழும். கூடவே ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் 'பாஷ் மைனஸ் என்' வழியாக இலக்கணம் மட்டும் சரிபார்க்கிறோம்.

*

அண்ணா, நிஜக் கோப்பைப் படித்தும் நான் மாட்டியிருக்கிறேன். என் மேக்கில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத ஃபைல் சிஸ்டம். கோப்பின் பெயர் பெரிய 'டி'யில், கோடில் சின்ன 'டி'. எனக்குப் பாஸ், லினக்ஸில் ஃபெயில். அன்றிலிருந்து என் மெஷினில் பாஸ் ஆனதைக் கணக்கில் எடுப்பதில்லை. லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டிய பிறகுதான் மெர்ஜ்.

*

நான் பைதான் பக்கம். எங்கள் டிப்ளாய் கருவி ஒரு வீல் பேக்கேஜ் (பைதான் கோடை இன்ஸ்டால் செய்யத் தரும் வடிவம்), உள்ளே யாமல் என்ற அமைப்புக் கோப்பு வடிவில் டெம்ப்ளேட்டுகள். என் லேப்டாப்பில் எடிட்டபிள் இன்ஸ்டால் என்பதால் கோப்புகள் நேராக சோர்ஸ் ஃபோல்டரிலிருந்தே வந்தன. சர்வரில் வீலை இன்ஸ்டால் செய்தால் டெம்ப்ளேட் ஒன்றுகூட இல்லை. வீல் என்பது ஜிப் கோப்புதான், அன்ஜிப் போட்டுப் பட்டியல் பார்த்தபோது பைதான் கோப்புகள் மட்டுமே இருந்தன. கூடவே போக வேண்டிய கோப்புகளைச் சொல்லும் பேக்கேஜ் டேட்டாவில் யாமலைச் சேர்க்க மறந்திருக்கிறேன். இப்போது சிஐ (கோடு மாறும்போது தானாக ஓடும் சோதனை) வீலைக் கட்டி, காலி என்விரான்மென்டில் இன்ஸ்டால் செய்து, சோர்ஸ் ஃபோல்டருக்கு வெளியே நின்று டெஸ்டை ஓட்டுகிறது. கோப்பைத் திறக்க பைதான் 3.9இல் வந்த இம்போர்ட்லிப் ரிசோர்சஸின் ஃபைல்ஸ் ஃபங்ஷன்தான்.

*

தம்பி சொன்ன எழுத்து விஷயத்தை இப்போதுதான் எங்கள் லைப்ரரியில் தேடிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் இருக்கிறது. இன்றைக்கே திருத்துகிறேன், நன்றி.