உதவி: அந்தியூர் சந்தை ஸ்டால்ல பாறு ஏஆர் வரமாட்டேங்குது, அவசரம்

கோபி_இயற்கை_மன்றம் (மாலை 5.40)
வணக்கமுங்க. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில எங்க பள்ளி இயற்கை மன்றம் ஸ்டால் போட்டிருக்கறோம். பேனர்ல இருக்கற படத்துக்கு நேரா போனைப் பிடிச்சா திரையில வெண்முதுகுப் பாறு (செத்ததைத் தின்னற பெரிய பறவை) எந்திரிச்சு நின்னு இறக்கைய விரிக்கோணும், அதுதானுங்க ஏஆர். பள்ளிக்கூடத்துல அருமையா வந்துச்சு, இங்க வரவே மாட்டேங்குது. நாளைக்கு விடிஞ்சா கூட்டம். யாராச்சும் வழி சொல்லுங்க.

சிவகிரி_வெப் (5.52)
எந்த போனுங்க? ஆப்பா, பிரவுசரா? "வரல"ன்னா கேமராவே திறக்கலைங்களா, திறந்தும் பறவை வரலைங்களா? ரெண்டும் வேற வேற கோளாறு.

பெருந்துறை_மொபைல் (5.58)
போன்தானுங்க காரணம். ஏஆர்கோர்ங்கற கூகுளோட ஏஆர் மென்பொருள் எல்லா ஆண்ட்ராய்டுலயும் ஓடாது. ஆண்ட்ராய்டு 7க்கு மேல இருந்தாலும், கூகுள் சோதிச்சுச் சேர்த்த மாடலாவும் இருக்கோணும். சந்தைக்கு வர்ற சனத்துகிட்ட இருக்கற போன்ல பாதி அந்தப் பட்டியல்லயே இருக்காது.

ஏஆர்_பழனிமலை (மூத்த உறுப்பினர்) (6.05)
இந்தக் குழுவில் கேள்வி கேட்பது எப்படி என்று முதல் பதிவாகவே ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த ஏஆர் மென்பொருள் நூலகம், பறவையின் 3டி மாடல் எத்தனை எம்பி, கேமரா அடையாளம் காண வேண்டிய குறிப்புப் படம் எது என்று ஒன்றுமே சொல்லாமல் "வரல" என்றால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் சோதித்துப் பார்ப்பது திட்டமிடல் ஆகாது. விவரத்தோடு வாருங்கள்.

நம்பியூர்_கோடு (6.11)
வாட்ஸ்அப்புல அனுப்பின லிங்க்கைத் திறக்கறாங்களான்னு பாருங்க. சில ஆப்புக்குள்ளயே திறக்கற பிரவுசர் கேமராவைக் குடுக்காது. குரோம்ல திறக்கச் சொல்லுங்க. முகவரி ஹெச்டிடிபிஎஸ்ல இருக்கோணும், இல்லீனா எந்த பிரவுசரும் கேமராவைத் தொட விடாது.

கோபி_இயற்கை_மன்றம் (6.30)
மன்னிச்சுக்குங்க, பேனர் கட்டீட்டு இருந்தோம். ஆப் இல்லீங்க, பிரவுசர்தான். மைண்ட்ஏஆர்ங்கற பிரவுசர் நூலகத்துல பண்ணினோம். ஹெச்டிடிபிஎஸ் இருக்குதுங்க. கேமரா திறக்குது, படத்தைத் தேடற வட்டம் சுத்தீட்டே இருக்குது, பறவை வரல. நாலு போன்ல பாத்துட்டோம். மாடல் 42 எம்பி.

சிவகிரி_வெப் (6.34)
அப்படீன்னா ஏஆர்கோர் பேச்சு இங்க வேண்டியதில்லீங்க. மைண்ட்ஏஆர் கேமராப் படத்துல இருக்கற அடையாளப் புள்ளிகளை பிரவுசருக்குள்ளயே ஒப்பிட்டுப் பாக்குது, அந்தப் பட்டியல்ல இல்லாத போன்லயும் ஓடும். கேமரா திறந்து வட்டம் சுத்துதுன்னா அதுக்குப் படம் அடையாளம் தெரியலைன்னுதான் அர்த்தம். பேனரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. பள்ளிக்கூடத்துல எதைப் பாத்து வந்துச்சோ அந்தப் படத்தையும் போடுங்க.

ஏஆர்_பழனிமலை (6.41)
42 எம்பியா! சந்தையில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே கோபுரத்தில் தொங்கும்போது அதை யார் இறக்குவார்? ட்ராகோ என்ற 3டி சுருக்கு முறையில் சுருக்குங்கள், மாடலின் மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சரை 1024 பிக்சலுக்கு இறக்குங்கள். இது அடிப்படை.

மோயாறு_கரை (6.50)
பாறுன்னு எழுதினதுக்கு முதல்ல நன்றிங்க. பேனர்லயும் அப்படியே இருக்கட்டும், "பிணந்தின்னிக் கழுகு"ன்னு போட்டறாதீங்க. கழுகு வேற, பாறு வேற. கழுகு உசுரோட இருக்கறதை வேட்டையாடும், பாறு செத்ததைத் தின்னு காட்டைச் சுத்தம் பண்ணும். பேரே அருவருப்பா இருந்தா அதைக் காப்பாத்த எவன் வருவான்?

நம்பியூர்_கோடு (6.55)
சந்தைக்கு வர்றவங்களுக்குப் பாறுன்னா புரியோணுமில்லீங்க? எங்க ஆத்தா "கழுகு"ன்னுதான் சொல்லும்.

மோயாறு_கரை (7.02)
புரியலைன்னா சொல்லிக் குடுக்கத்தானுங்க ஸ்டாலே. பாறுங்கறது நேத்து உண்டாக்கின சொல்லில்லை, சங்கப் பாட்டுலயே இருக்குது. வெண்முதுகு, கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம்னு நாலு வகையும் நீலகிரி மோயாறு ஆத்துப் பக்கம் பாத்திருக்கறேன். வெண்முதுகு ஆத்தோரத்து நீர்மருது மரத்துல கூடு கட்டும், வருசத்துக்கு ஒரே முட்டை. போனதைத் திரும்பக் கொண்டாற எத்தனை வருசம் ஆகும்னு அதுலயே தெரியும்.

பர்கூர்_பட்டி (7.15)
நான் மாடு வெச்சிருக்கறவன், நாளைக்குச் சந்தைக்கும் வர்றேன். ஒண்ணு கேக்கறேன். பறவை இறக்கைய விரிச்சா எங்களுக்கு என்ன தெரியும்? மாடு வளர்க்கறவனாலதான் கழுகு செத்துச்சுன்னு சொல்லப் போறீங்களா? மாட்டுக்கு என்ன ஊசின்னு நாங்களா எழுதிக் குடுத்தோம்? காய்ச்சல் வந்தா டாக்டர் போட்டதுதான். எந்த மருந்து ஆகாது, அதுக்குப் பதிலா எதுன்னு ஒருத்தரும் எங்க கட்டுத்தரைக்கு வந்து சொல்லலையே.

மோயாறு_கரை (7.28)
நீங்க கேக்கறது நியாயமுங்க. சொல்றேன். டைக்ளோஃபெனாக்குங்கற வலி மருந்து ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்னா பாறுக்குச் சிறுநீரகம் போயிரும். யூரிக் அமிலம் உள்ளுறுப்பெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு சில நாள்ல செத்துரும். 1990கள்ல இருந்து இந்தியாவுல வெண்முதுகு 100க்கு 99 பங்குக்கு மேல அழிஞ்சது இதுலதான். 2006ல மாட்டுக்கு அதைத் தடை பண்ணினாங்க. அப்புறமும் மனுசனுக்கு விக்கற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டதால, 2015ல மனுச மருந்தையும் 3 மில்லி ஒத்தை ஊசியாக் குறைச்சாங்க. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023ல தடை ஆச்சு. மெலாக்சிகாம் போட்டா பாறுக்கு ஒண்ணும் ஆகாது, டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படித்தான். இந்த ரெண்டுல ஒண்ணு போடுங்கன்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. குத்தம் உங்க மேல இல்லீங்க.

பர்கூர்_பட்டி (7.36)
இதைப் பேனர்ல பெருசா எழுதச் சொல்லுங்க. பொம்மையைக் குழந்தைக பாக்கட்டும், நாங்க இதைப் பாக்கறோம்.

பெருந்துறை_மொபைல் (7.40)
ஏஆர்கோர்னு நான் சொன்னது பொதுவாங்க. ப்ளே ஸ்டோர்ல அதுக்குன்னு இருக்கற சேவையைப் புதுப்பிச்சுப் பாத்தீங்களா?

கோபி_இயற்கை_மன்றம் (7.58)
ரெண்டு படமும் போட்டிருக்கறேன். பேனர் ஃப்ளெக்ஸ் கடையில குடுத்து அடிச்சதுங்க, அது சொல்ல வேண்டியதான்னு தெரியல.

சிவகிரி_வெப் (8.06)
அதுதானுங்க விசயமே! பள்ளிக்கூடத்துப் படத்துல பாறுக்குப் பின்னால மரக்கிளை, இலை, பாறை வெடிப்பெல்லாம் இருக்குது. கடைக்காரர் அத்தனையும் வெட்டிப்போட்டு வழுவழுன்னு நீல வானம் வெச்சுட்டாரு. நீங்க பதிஞ்சு வெச்ச புள்ளியில முக்காவாசி அந்தக் கிளையிலயும் பாறையிலயும்தான் இருந்திருக்கும். மிச்சம் இருக்கறது கருத்த பறவை, அதுல பிடிச்சுக்க புள்ளி கம்மி. போதாததுக்கு ஃப்ளெக்ஸ் பளபளப்பு, போட்டோவுலயே ஒரு பக்கம் டியூப்லைட் வெள்ளையா அடிக்குது பாருங்க. பகல் வெயில்ல இன்னும் மோசமாகும்.

பேனரைக் கழட்ட வேண்டாம், அலங்காரமா இருக்கட்டும். பழைய படத்தையே ஏ3 மேட் தாள்ல, நீள அகலம் மாத்தாம அடிச்சு, வளையாத அட்டையில ஒட்டி, மேசை மேல நிழல்ல வெச்சிருங்க. மறுபடி பதிய வேண்டியதே இல்லை.

ஏஆர்_பழனிமலை (8.14)
புள்ளி விஷயம் சரி. குறிப்புப் படத்தில் நுண்விவரம் வேண்டும் என்பதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். மாடல் கோப்பின் எடையையும் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் அட்டையை அடையாளம் கண்டும் பறவை வராது. மாடல் கோப்பை அனுப்பினால் இரவுக்குள் சுருக்கித் தருகிறேன்.

நம்பியூர்_கோடு (8.20)
ஒண்ணு செய்யுங்க. ஸ்டால்ல உங்க போன் ரெண்டுல பக்கத்தை முன்னாடியே திறந்து இறக்கி வெச்சுக்குங்க. பெரியவங்க கையில அதைக் குடுத்தாப் போதும், க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்லி நிக்க வெக்காதீங்க.

கோபி_இயற்கை_மன்றம் (மறுநாள் மதியம் 12.10)
வந்துருச்சுங்க. ஏ3 தாள்தான். மாடல் 6 எம்பிக்கு வந்துச்சு, பழனிமலை ஐயாவுக்கு நன்றிங்க. மருந்துப் பேரை தனி அட்டையில எழுதி வெச்சோம், அதைத்தான் நிறையப் பேரு போட்டோ எடுத்துக்கறாங்க. ஆளுக நிக்கறாங்க, அப்புறம் வர்றேன்.

பர்கூர்_பட்டி (மறுநாள் இரவு 9.02)
பாத்தேன். இறக்கைய விரிச்சா ஒரு ஆளு உசரத்துக்கு மேல நீளம் வருது. எங்கப்பன் சொன்னப்ப நான் நம்பல.

வால்பாறை_சோலை (9 நாள் கழித்து)
இதே மாதிரி நாங்க சோலைமந்திக்குப் பண்றோம்ங்க. ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டின பாலத்துல மந்தி போறது போன்ல தெரியோணும், வண்டியில வர்றவங்க மெதுவாப் போகோணும்னுதான். எங்க ஊரு மழையில தாள் நனைஞ்சு போகுது. லேமினேஷன் போட்டா பளபளப்பு வந்துருமுங்களா?

சிவகிரி_வெப் (9 நாள் கழித்து)
மேட் லேமினேஷன்னு கேட்டு வாங்குங்க, வராது. போட்டதும் உங்க ஊரு மேகமூட்டத்துல ஒருக்கா, ராத்திரி லைட்டுல ஒருக்கா சோதிச்சுப் பாருங்க. படத்தை இங்க போடுங்க, கடைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி.